வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு பொது சுகாதாரத்தைக் கட்டியெழுப்புவது எப்படி: ருவாண்டாவின் அனுபவத்தைக் கொண்டு ஒரு வழிகாட்டி

1994ஆம் ஆண்டின் இனப்படுகொலை முடிந்தபோது ருவாண்டாவின் பொது சுகாதாரத் துறை சிதைந்து கிடந்தது. மருத்துவமனைகள் சூறையாடப்பட்டிருந்தன, மருத்துவர்களும் செவிலியரும் பெருமளவில் கொல்லப்பட்டிருந்தனர் அல்லது நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 196 பேர் ஐந்து வயதை எட்டுமுன் இறந்துகொண்டிருந்தனர். 2014-15ஆம் ஆண்டின் ஆய்வில் அந்த எண்ணிக்கை 50ஆகக் குறைந்திருந்தது. இந்த மாற்றத்தில் வெளிநாட்டு நிதிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் வெளிநாட்டு நிதி பெருமளவில் வந்த நாடுகளெல்லாம் இத்தகைய மாற்றத்தைக் கண்டுவிடவில்லை. வருகிற பணம் யாருடைய திட்டத்துக்குச் செலவாகிறது, கூட்டாளி கிளம்பிப் போன பிறகு இங்கே எது நிற்கும் என்ற இரண்டு கேள்விகளை ருவாண்டா அரசு விடாமல் கேட்டுவந்தது. அந்நாட்டின் வெற்றிக்கு அதுவே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

இந்த வழிகாட்டி இரு தரப்பினரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. வெளிநாட்டு அரசுகள், உலகளாவிய நிதியங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றோடு ஒப்பந்தம் பேசவேண்டிய இடத்தில் இருக்கும் சுகாதாரத் துறையினர் ஒரு தரப்பினர். வளரும் நாட்டு மருத்துவமனைக்கோ மாவட்டத்துக்கோ வெளியிலிருந்து உதவ விரும்பும் மருத்துவர்கள், அறக்கட்டளைகள், புலம்பெயர்ந்த தமிழர் அமைப்புகள் மற்றொரு தரப்பினர். ருவாண்டாவின் ஆட்சி எதிர்ப்புக்கு இடம் தராத இறுக்கமான ஆட்சி என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஆட்சிமுறையை யாருக்கும் நான் பரிந்துரைக்கவில்லை. கூட்டாளிகளோடு அந்நாடு பேசிய முறையை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள முடியும்; தேர்தலில் மாறும் அரசுகளாலும் அதே காரியத்தைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சான்றுகள் இருக்கின்றன.

கூட்டாளியைத் தேடும் முன் திட்டத்தை எழுதுங்கள்

பெரும்பாலான கூட்டாண்மைகள் தவறான முனையிலிருந்து தொடங்குகின்றன. வெளிநாட்டு அமைப்பொன்று, இன்ன நோய்க்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இவ்வளவு பணம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறது. துறை அலுவலர்கள் அதற்கேற்ற கருத்துருவை அவசரமாக எழுதிக் கொடுக்கிறார்கள். பணம் வருகிறது, வாகனங்கள் வருகின்றன, பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாக இருந்த செவிலியர் பணியிடம் காலியாகவே இருக்கிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே முதல் வேலை.

மாவட்டவாரியாக எத்தனை சுகாதார நிலையங்கள் இயங்குகின்றன, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன, மின்சாரமும் குடிநீரும் இல்லாத நிலையங்கள் எவை, அத்தியாவசிய மருந்துகள் ஆண்டில் எத்தனை நாட்கள் கையிருப்பில் இல்லாமல் போகின்றன என்பவற்றை முதலில் கணக்கெடுங்கள். பிறகு அடுத்த ஐந்து ஆண்டுகளில் இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவை ஆண்டுவாரியாக எழுதுங்கள். அந்தச் செலவில் சொந்த வரவு செலவுத் திட்டம் எவ்வளவு தாங்கும் என்பதை நிதித் துறையிடம் எழுத்தில் பெறுங்கள். மீதமிருக்கும் இடைவெளியின் பட்டியலே கூட்டாளிகளின் முன் வைக்கத்தக்க ஆவணம். நிதித் துறையின் பங்கைப் பெறாமல் பட்டியலை வெளியே காட்டுவது பெரும் பிழை. தன் பணத்தை இடாத அரசின் திட்டத்தை எந்தக் கூட்டாளியும் நெடுங்காலத்துக்கு நம்புவதில்லை. ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001இல் அபுஜா நகரில் கூடி, அரசுச் செலவில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தனர். அந்த உறுதிமொழியைக் காப்பாற்றிய நாடுகள் மிகச் சில என்பது வருந்தத்தக்கது.

ருவாண்டா 2006இல் வெளிநாட்டு உதவி குறித்த தன் கொள்கையை வெளியிட்டது. அந்தக் கொள்கை, அரசின் முன்னுரிமைகளுக்குப் பொருந்தாத உதவியை மறுக்கும் உரிமையை அரசுக்கு வைத்துக்கொண்டது. 2010இல் அதைவிடத் துணிவான ஓர் ஏற்பாட்டைச் செய்தது: நிதியுதவி செய்யும் ஒவ்வொரு நாடும் அதிகபட்சம் மூன்று துறைகளில் மட்டும் பணியாற்றலாம், எந்த மூன்று என்பதை அரசோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று வேலைப் பிரிவினை செய்தது. எல்லாக் கொடையாளர்களும் ஒரே துறையில், ஒரே மாகாணத்தில், ஒரே நோயின் மீது குவிவதை இப்படித் தடுக்க முடிந்தது. வெளிநாட்டு உதவியைப் பயனுள்ளதாக்குவது பற்றிய 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் நாட்டின் தலைமை, நாட்டின் முறைகளோடு இணைந்து செல்லுதல், கொடையாளர்களுக்குள் ஒத்திசைவு என்று கொள்கையளவில் சொன்னவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது.

உதவியை ஏற்கும்போது இடத்தையும் நீங்களே சொல்லுங்கள். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அரசின் அழைப்பின்பேரில் 2005இல் ருவாண்டாவுக்குச் சென்றபோது, தலைநகர் கிகாலியில் அல்லாமல், மருத்துவ வசதி மிகக் குறைந்த கிராமப்புற மாவட்டங்களிலேயே பணியைத் தொடங்கியது. இயங்கும் மாவட்ட மருத்துவமனை இல்லாதிருந்த வடக்கிலுள்ள புரேரா மாவட்டத்தில், புட்டாரோ என்னுமிடத்தில் 2011 ஜனவரியில் புதிய மருத்துவமனை திறக்கப்பட்டது. அது சுகாதார அமைச்சகத்தின் மருத்துவமனை. தனியார் தொண்டு நிறுவனத்தின் தனித் தீவாக அது இல்லை. மறு ஆண்டிலேயே அங்கே புற்றுநோய்ச் சிகிச்சை மையம் தொடங்க முடிந்ததற்கும், நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து நோயாளிகளை அங்கே அனுப்ப முடிந்ததற்கும் அது அரசு அமைப்புக்குள் இருந்தது முக்கியமான காரணம்.

வெளியிலிருந்து உதவ விரும்புவோர் இதை மறுபக்கத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். எந்த மருத்துவமனைக்கு உதவ நினைக்கிறீர்களோ அதை நிர்வகிக்கும் மாகாண அல்லது மாவட்டச் சுகாதாரப் பணிப்பாளரின் ஐந்தாண்டுத் திட்டத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். அத்தகைய திட்டம் இல்லையென்றால், அதைத் தயாரிக்க உதவுவதே உங்கள் முதல் உதவியாக இருக்கலாம்.

இரு தரப்புக்கும் தேவையுள்ள கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

நன்கொடையாக மட்டும் அமையும் உறவு விரைவில் சோர்ந்துவிடும். இரு தரப்புக்கும் விடை தேவைப்படும் கேள்வியின்மேல் அமையும் உறவே நீடிக்கும். இதற்கு நானறிந்தவற்றில் சிறந்த எடுத்துக்காட்டு சென்னையில் நடந்தது.

1950களில் காசநோயாளிகளைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் நெடுநாள் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதே உலக வழக்கமாக இருந்தது. இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அத்தகைய படுக்கைகள் மிகச் சொற்பம். வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் குணமாகுமா, வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்று கூடுமா என்பது இந்தியாவுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. பிரிட்டனின் ஆராய்ச்சியாளர்களுக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கும் அது அறிவியல் கேள்வி. 1956இல் சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் ஆய்வை வழிநடத்தினார். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. நெரிசலான வீடும் குறைந்த உணவும் இருந்தும், வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியச் சிகிச்சையின் பலனுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. குடும்பத்தினருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. வெளிநாட்டு வல்லுநர்கள் திரும்பிய பிறகும் அந்த மையம் இந்திய நிறுவனமாகத் தொடர்ந்தது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது இயங்கிவருகிறது.

ஆகவே கூட்டாளியோடு முதல் பேச்சிலேயே, அவர்களுக்கு இங்கே என்ன தேவை என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மாணவர்களுக்குக் களப்பயிற்சி, ஆராய்ச்சித் தரவு, தங்கள் நாட்டுக்குள் தொற்று வராமல் தடுக்கும் முன்னெச்சரிக்கை, வணிக வாய்ப்பு, தூதரக உறவு என்று விடை எதுவாகவும் இருக்கலாம். அவற்றில் எதுவும் இழிவானதன்று. தெரிந்துகொண்டால் அதற்கு ஈடாக என்ன கேட்கலாம் என்பதைத் திட்டமிடலாம். உள்ளூர் ஆய்வாளர்களுக்கு முதன்மை ஆசிரியர் இடம், மாதிரிகளும் தரவும் நாட்டிலேயே இருத்தல், ஆய்வகத்தை அரசிடம் ஒப்படைத்தல் ஆகியவற்றைக் கேட்பதற்கு அந்த முதல் பேச்சே தகுந்த நேரம்.

ஒப்பந்தத்தில் பணத்தின் பாதையை எழுதுங்கள்

புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் நோக்கங்களைப் பற்றி நான்கு பக்கமும் பணத்தைப் பற்றி நான்கு வரியும் இருப்பது வழக்கம். அது தலைகீழாக இருக்கவேண்டும். பணம் எந்த வங்கிக் கணக்கில் வருகிறது, யார் கையெழுத்தில் வெளியேறுகிறது, கொள்முதல் யாருடைய விதிகளின்படி நடக்கிறது, தணிக்கையை யார் செய்கிறார், கூட்டாளியின் தலைமையகச் செலவுக்கு எத்தனை சதவீதம் கழிக்கப்படுகிறது என்பவை ஒவ்வொன்றும் தனித்தனி விதியாக எழுதப்பட வேண்டும்.

கடைசியாகச் சொன்ன சதவீதத்தைப் பேசி முடிவுசெய்ய இயலாது என்று பலர் நினைக்கிறார்கள். ருவாண்டா அதைப் பேசி முடித்துக் காட்டியது. 2012இல், அப்போதைய சுகாதார அமைச்சர் ஆக்னஸ் பினக்வாஹோவின் தலைமையில், அமெரிக்காவின் மருத்துவ, செவிலியர், பல் மருத்துவ, பொது சுகாதாரக் கல்வி நிறுவனங்களோடு ஏழாண்டு மனிதவளத் திட்டம் தொடங்கப்பட்டது. வழக்கமாக அமெரிக்க அரசின் பணம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, அங்கே கணிசமான பகுதி நிர்வாகச் செலவுக்குக் கழிந்து, மீதமே களத்துக்கு வரும். இங்கே பணம் ருவாண்டா அரசுக்கு நேரடியாக வந்தது. அரசே பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, நிர்வாகச் செலவு 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையை அவற்றை ஏற்கச் செய்தது. பணம் யார் கையில் இருக்கிறதோ அவரே நிபந்தனை விதிக்க முடியும் என்பதால்தான் அதன் பாதையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு கொடையாளருக்கும் தனித்தனித் திட்ட அலுவலகம் இருந்த நிலையை மாற்றி, அமைச்சகத்துக்குள் எல்லாத் திட்டங்களையும் நடத்தும் ஒரே அலகை அந்நாடு அமைத்ததும் இந்த நோக்கத்தால்தான்.

அரசின் வழியே பணம் போகவேண்டும் என்று கேட்பவர், அரசின் கணக்குகள் திறந்திருக்கும் என்ற உறுதியையும் தரவேண்டும். மலாவியின் அனுபவம் இரண்டு பக்கங்களையும் காட்டுகிறது. மருத்துவரும் செவிலியரும் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்ததால், 2004இல் அந்நாடு பிரிட்டன் முதலிய கூட்டாளிகளின் துணையோடு அவசர மனிதவளத் திட்டத்தைத் தொடங்கியது. 11 வகைப் பணியாளர்களுக்கு 52 சதவீத ஊதிய உயர்வு, பயிற்சிக் கல்லூரிகளின் விரிவாக்கம், இடைக்கால நிரவலாக வெளிநாட்டு மருத்துவர்கள் என்று திட்டம் அமைந்தது. பணியாளர் ஊதியத்தைத் தொடக்கூடாது என்ற கொடையாளர்களின் பழைய வழக்கத்தை அது உடைத்தது. அந்த 11 வகைகளில் 2004இல் 5,453ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 2009இல் 8,369ஆக உயர்ந்தது. ஆனால் 2013இல் அரசின் பணப்பட்டுவாடா முறைக்குள் நடந்த பெரும் கையாடல் வெளிப்பட்டபோது, கொடையாளர்கள் அரசுக் கருவூலத்தின் வழியே பணம் கொடுப்பதை நிறுத்தினர். கையாடலில் பங்கில்லாத கிராமத்துச் சுகாதார நிலையங்களும் அதன் விலையைக் கொடுக்க நேர்ந்தது. ஆண்டுதோறும் சுயேச்சையான தணிக்கை, அதன் அறிக்கை பொதுவில் வெளியாதல், குறை கண்டால் முழு நிதியையும் நிறுத்தாமல் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தும் படிநிலை நடவடிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆட்களை வளர்க்கும் ஏற்பாடு

கட்டடத்தையும் கருவியையும்விட ஆட்களே முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள்; ஆனால் கூட்டாண்மைகள் மிக எளிதில் கெடுப்பதும் ஆட்களின் ஏற்பாட்டைத்தான். அரசு மருத்துவமனையில் பத்தாண்டு அனுபவமுள்ள மருத்துவரை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் பன்மடங்கு ஊதியத்தில் திட்ட மேலாளராக எடுத்துக்கொள்கிறது. மாவட்டம் தன் ஒரே அறுவைச் சிகிச்சை நிபுணரை இழக்கிறது. மொசாம்பிக் போன்ற நாடுகளில் இது பெரும் சேதத்தை விளைவித்தது. அதைக் கண்டு வருந்திய தொண்டு நிறுவனங்கள் சில, 2008இல் தங்களுக்கென ஒரு நடத்தை நெறியை வகுத்துக்கொண்டன: அரசுப் பணியாளர்களைப் பறிக்காதிருத்தல், உள்ளூர் ஊதிய விகிதத்தைக் குலைக்காதிருத்தல், அரசின் திட்டமிடலை வலுப்படுத்துதல் ஆகியவை அதன் சாரம். உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு விதி வேண்டும். அரசுப் பணியில் இருப்பவரைக் கூட்டாளி பணியமர்த்த வேண்டுமானால் துறையின் ஒப்புதலைப் பெறுவதும், அவருக்கு மாற்றாக ஒருவரைப் பயிற்றுவிக்கும் செலவும் கூட்டாளியின் பொறுப்பாக இருக்கட்டும்.

பயிற்சியின் வடிவத்தையும் நீங்களே தீர்மானியுங்கள். நட்சத்திர விடுதியில் மூன்று நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதால் மருத்துவமனையில் எதுவும் மாறுவதில்லை. ருவாண்டாவின் மனிதவளத் திட்டத்தில் வந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒவ்வொருவரும் ஒரு ருவாண்டா ஆசிரியரோடு இணைக்கப்பட்டார். சில வாரம் வந்து போவதாக இல்லாமல், பெரும்பாலும் ஓராண்டு அளவில் தங்கி, வார்டிலும் வகுப்பிலும் சேர்ந்து பணியாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த இணைப்பு முறை எல்லாத் துறைகளிலும் ஒரே சீராக வெற்றிபெறவில்லை என்று பின்னர் நடந்த மதிப்பீடு சொன்னது. சில துறைகளில் இணைப்பதற்குப் போதிய உள்ளூர் ஆசிரியர்களே இல்லை. ஆகவே இணையாள் யார் என்பது பெயர் குறிப்பிட்டு முடிவாவதற்கு முன் வெளிநாட்டவருக்கு விசா கொடுக்காதீர்கள் என்பதே என் அறிவுரை. இணையாள் இல்லாத துறைக்கு முதலில் மாணவர்களை அனுப்பிப் படிக்கவைக்க வேண்டும்.

சிறப்பு மருத்துவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கிராமம் மறந்துபோகும். 2010களின் தொடக்கத்தில் ருவாண்டாவின் ஏறத்தாழ 15,000 கிராமங்களில் 45,000 அளவிலான சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தந்த ஊர் மக்களே. மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குக் குழந்தைகளுக்கு வீட்டு வாசலிலேயே மருந்து கொடுக்கவும், கர்ப்பிணிகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. வெளிநாட்டு நிதி இந்தப் பணிக்கும் பயன்பட்டது; ஆனால் எந்தக் கூட்டாளியின் பெயரிலும் தனிப்படையாக அவர்கள் இயங்கவில்லை. எய்ட்ஸுக்கு ஒருவர், காசநோய்க்கு ஒருவர், தடுப்பூசிக்கு ஒருவர் என்று ஒரே தெருவுக்கு வெவ்வேறு சீருடைகளில் ஆட்கள் வருவதைத் தவிர்க்க விரும்பும் எந்த நாடும் இந்த ஏற்பாட்டை ஊன்றிப் படிக்கவேண்டும்.

பொருள்களை வாங்கும்போதும் பெறும்போதும்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் நன்கொடையாக வந்து குவிந்தன. அவற்றில் 60 சதவீதம் அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாதவை; 70 சதவீதத்தின் மேலுறையில் இருந்த மொழி அங்கே யாருக்கும் புரியாத மொழி. காலாவதியான மருந்துகளை அழிப்பதற்குத் தனியாகப் பணம் தேடவேண்டியிருந்தது. கடலோரத் தமிழர்களும் அதே அலையில் உயிர்களை இழந்தவர்கள் என்பதால், அன்பால் அனுப்பப்படும் பொருள் எப்படிச் சுமையாகும் என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை நெறிமுறைகள் சொல்வதை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம்: பெறுபவர் கேட்ட மருந்து மட்டும், நாட்டின் பட்டியலில் உள்ளது மட்டும், வந்து சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமுள்ளது மட்டும்.

மருத்துவக் கருவிகளுக்கு இன்னும் கடுமையாக இருங்கள். 16 நாடுகளின் கருவிப் பட்டியல்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கருவிகள் இயங்காமல் கிடந்ததாகக் கண்டது. உதிரி பாகம், பழுதுபார்க்கும் தொழில்நுட்பர், நிலையான மின்னழுத்தம் ஆகியவற்றின்றி வந்த கருவி, அறையை அடைத்துக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கருவியின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும், உள்ளூர் தொழில்நுட்பர் ஒருவருக்கான பயிற்சியையும் சேர்த்துத் தராத கூட்டாளியிடம் கருவியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கொள்முதல் முறையைச் சரிசெய்வது, கூட்டாண்மையால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள, ஆனால் யாருக்கும் புகைப்படம் கிடைக்காத பணி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் மாநில அரசால் தொடங்கப்பட்டது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல், வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி, மாவட்டந்தோறும் கிடங்கு, வந்த மருந்தை ஆய்வகத்தில் சோதித்தபின் வழங்குதல், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ்புக் என்று எளிய கூறுகளைக் கொண்ட அமைப்பு அது. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. வெளிநாட்டு வல்லுநரை வரவழைக்கும் முன், உங்களைப் போன்ற வருவாயுள்ள நாடோ மாநிலமோ இதே சிக்கலை எப்படித் தீர்த்தது என்று சென்று பார்ப்பது பெரும்பாலும் செலவு குறைந்த வழி.

தரவும் கண்காணிப்பும்

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 2013 டிசம்பரிலேயே கினியின் காட்டுப்பகுதிக் கிராமமொன்றில் தொடங்கியது. அது எபோலாதான் என்று உறுதியானது 2014 மார்ச்சில், மாதிரிகள் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட பிறகு. அதற்குள் நோய் பரவிவிட்டது. கொள்ளைநோய் அடங்குவதற்குள் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்நாடுகளில் வெளிநாட்டு நிதியோடு தனித்தனி நோய்த் திட்டங்கள் நடந்தே வந்தன. ஆனால் அறியாத காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் ஆய்வகமும், அதைத் தலைநகருக்கு அன்றே தெரிவிக்கும் ஏற்பாடும் உருவாகவில்லை. நைஜீரியாவில் நடந்தது வேறு. 2014 ஜூலையில் லாகோஸ் நகருக்கு எபோலா வந்தபோது, போலியோ ஒழிப்புக்காக உருவாக்கப்பட்டிருந்த அவசர நடவடிக்கை மையத்தின் முறையும் அதில் பழகிய ஆட்களும் உடனே எபோலாவுக்குத் திருப்பப்பட்டனர். 20 பேரோடு நோய் நின்றது. எட்டுப் பேர் இறந்தனர். அக்டோபர் 20 அன்று நாடு எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு நோய்க்காக வரும் பணத்தில் எல்லா நோய்க்கும் பயன்படும் ஆய்வகத்தையும் களப்பணியாளர்களையும் உருவாக்கும்படி கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

பதிவேடுகளில் பிடிவாதம் தேவை. கூட்டாளி ஒவ்வொருவரும் தனக்கென ஒரு படிவத்தைக் கொடுத்தால், கிராமச் செவிலியரின் பிற்பகல்கள் எழுதுவதிலேயே கழியும். ஒரே படிவம், ஒரே தரவுத்தளம், அது அரசுடையது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்-2 என்ற திறந்த மென்பொருளைப் பல வளரும் நாடுகள் இதற்குப் பயன்படுத்துகின்றன. அதை இயக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இருந்ததால்தான், 2020 தொடக்கத்தில் கொரோனா பரவத் தொடங்கியவுடன் இலங்கையில் பயணிகளைக் கண்காணிக்கும் பகுதியை அந்த மென்பொருளில் விரைந்து உருவாக்க முடிந்தது. பிறகு வேறு பல நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்தின.

கிளம்பும் நாளைத் தொடக்கத்திலேயே குறியுங்கள்

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை ஒரே ஆணையில் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாளோடு அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் என்ற அரசு அமைப்பின் உதவிப் பணிகள் முடிவுக்கு வந்தன. பல நாடுகளில் மருந்து விநியோகமும் பணியாளர் ஊதியமும் முன்னறிவிப்பின்றி நின்றன. ருவாண்டாவின் மனிதவளத் திட்டத்துக்கான அமெரிக்க நிதியும் திட்டமிட்ட ஏழாண்டுக்கு முன்பே, 2017இல் நின்றது. அரசு அதைச் சிறிய அளவில் தன் பொறுப்பில் தொடர்ந்தது. கூட்டாளி போவார் என்பது உறுதி, எப்போது என்பதுதான் கேள்வி என்று எண்ணியே ஒப்பந்தத்தை எழுதவேண்டும்.

நடைமுறையில் இதற்கு ஒரு நல்ல வழி, ஆண்டுதோறும் கூட்டாளியின் பங்கு குறைந்து அரசின் பங்கு கூடும் அட்டவணையை ஒப்பந்தத்தின் இணைப்பாக வைப்பது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 2011 ஏப்ரலில் ருவாண்டா தொடங்கியபோது, மெர்க் மருந்து நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்குத் தடுப்பூசியை இலவசமாகத் தந்தது. இலவசக் காலம் முடிந்த பிறகு சலுகை விலையில் தரவேண்டும் என்பதையும் அரசு முன்கூட்டியே பேசி வைத்திருந்தது. முதல் ஆண்டிலேயே ஆறாம் வகுப்பு மாணவியரில் 93 சதவீதத்தினர் மூன்று தவணைகளையும் பெற்றனர். பிறகு ஏழை நாடுகளின் தடுப்பூசித் திட்டங்களுக்கு நிதியளிக்கும் காவி (Gavi) கூட்டமைப்பின் ஆதரவோடு திட்டம் தொடர்ந்தது. வணிக நிறுவனத்தின் இலவசத்தை ஏற்பது சரியா என்று அப்போது எழுந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கவலைக்கு விடை, நான்காம் ஆண்டின் விலையை முதல் ஆண்டிலேயே கேட்டுப் பெறுவதுதான்.

முன்னோட்டத் திட்டங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் உயர் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை முன்னோட்டமாக நடந்தது. நான்கே மாவட்டங்களோடு நின்றுவிடாமல் மாநிலம் முழுவதற்கும் அது விரிந்தது. உயர் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021இல் மாநில அரசே தொடங்கியது. முன்னோட்டத்தை அரசின் சொந்தப் பணியாளர்களைக் கொண்டு அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே நடத்தினால், இப்படி விரிவாக்குவதற்குப் பாதை திறந்திருக்கும். கூடுதல் ஊதியத்தில் தனி ஆட்களை வைத்து நடத்தினால் நல்ல முடிவுகள் வரும், ஆனால் விரிவாக்க முடியாது.

கூட்டாளி கிளம்பிய பிறகு செய்யவேண்டியதை இலங்கையின் மலேரியா வரலாறு கற்பிக்கிறது. பூச்சிமருந்துத் தெளிப்பால் 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் மட்டுமே பதிவாகும் நிலையை இலங்கை எட்டியது. நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அந்த இழப்பிலிருந்து மீள அந்நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு நிதி தரும் உலகளாவிய நிதியத்தின் உதவி வந்த காலத்தில், போர் நடந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் மலேரியா தடுப்புப் பணி தொடர்ந்தது. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்று ஏற்படவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதன் பிறகும் வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்களைக் கண்டறிந்து, அவர்களைச் சுற்றியிருப்பவர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் பணியை அந்நாட்டின் மலேரியா எதிர்ப்பு இயக்கம் நிறுத்தவில்லை. ஆகவே கூட்டாளியின் கடைசி ஆண்டுக்குள் கண்காணிப்புக்கென வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒன்றைப் பெற்றுவிடுங்கள். நோயாளிகளே இல்லாத ஆண்டில் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி நிதித் துறையின் கோப்பு வரும். இலங்கையின் 1963, 1969 ஆண்டுகளின் எண்களை அதோடு இணைத்துத் திருப்பி அனுப்புங்கள்.